பதினாறு பவுன் பைக்

திருச்சியில் ஒரு ஷோரூமில் வாங்கி வந்த கொட்டேஷன் தாளைச் சாப்பாட்டு மேஜையில் போட்டுவிட்டுக் கை கழுவப் போனேன். திரும்பி வருவதற்குள் அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதற்குள் இறங்கிவிட்டார். அப்பா முப்பத்தெட்டு வருஷம் கோட்டையூரில் ஒரு செட்டியார் வீட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். பேரேடு எழுதி, வட்டி போட்டு, வருஷக் கடைசியில் ஐந்தொகை எடுத்துப் பழகிய கை. எண் இருக்கிற தாள் எதுவும் அவர் கண்ணில் படாமல் இந்த வீட்டுக்குள் நுழைய முடியாது.

"இந்த ஹேண்ட்லிங் சார்ஜ்னா என்னப்பா?"

"வண்டிய அவங்க கையாளுறதுக்குப்பா."

"அவன் கடை வண்டிய அவன் கையாள நம்மகிட்ட எதுக்குக் காசு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த ஷோரூமில் கேட்டபோது அவர்களுக்கும் தெரியவில்லை. அது மட்டுமா, நான் கேட்காமலே கிராஷ் கார்டு, வண்டிக்கு மேல்பூச்சு, வருஷ மெம்பர்ஷிப் என்று மூன்று வரி சேர்த்திருந்தார்கள். அடியில் பெட்டி கட்டி மொத்தம் 9,68,000. வண்டி 650 சிசி ரெட்டை சிலிண்டர், ஷோரூம் விலை எட்டு லட்சத்தை ஒட்டி.

அப்பா தாளைத் திருப்பி வைத்துவிட்டு, "இப்ப ஓட்டுறியே, அதை எவ்வளவுக்கு வாங்கினே?" என்றார். 2015 தீபாவளிக்கு வாங்கியது, 300 சிசி வகுப்பு, எல்லாம் சேர்த்து மூணேகால் லட்சம். எதற்குக் கேட்கிறார் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. அவருடைய நோட்டில் அந்த வருஷத்துப் பக்கத்தைத் தேடி எடுத்துப் பவுன் விலை பார்த்தார். ஏறக்குறைய 20,000. "பதினாறு பவுன்," என்றார். 2025 தீபாவளிக்குப் பவுன் 90,000-ஐத் தாண்டிவிட்டது. பதினாறு பவுன் இருந்தால் இன்றைக்குப் பதினாலு லட்சத்துக்கு மேல். என் வண்டியை இன்றைக்கு விற்றால் ஒரு லட்சத்துப் பத்து கிடைத்தால் பெரிய விஷயம்.

"அதாவது பதினாறு பவுனைக் குடுத்து ஒண்ணேகால் பவுன் வச்சிருக்கே," என்று சொல்லிவிட்டு மோர் குடிக்கப் போய்விட்டார்.

இரண்டு நாள் எனக்குத் தூக்கம் சரியில்லை. அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

பைக் விலை ஏறிவிட்டது, நடுத்தரக் குடும்பத்துப் பையன் இனிமேல் ஒரு நல்ல ஸ்போர்ட்ஸ் பைக்கைத் தொட முடியாது என்று எங்கள் கூட்டத்தில் எல்லோரும் புலம்புகிறோம். ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் காரைக்குடி ஐந்து விளக்குப் பக்கம் டீக்கடையில் ஏழெட்டு வண்டி நிற்கும், பேச்சு சுற்றிச் சுற்றி இதில்தான் வந்து நிற்கும். ஆனால் உட்கார்ந்து பழைய விலைகளை எடுத்துப் பார்த்தால் கதை அப்படி நேராக இல்லை. கவாசாகி நின்ஜா 300 இந்தியாவுக்கு வந்தது 2013இல், மூன்றரை லட்சத்துக்கு. பாகங்களை இங்கேயே செய்ய ஆரம்பித்ததும் 2018இல் 2.98 லட்சம். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, 2025 செப்டம்பரில் வரி குறைந்தபோது 3.17 லட்சத்துக்கு இறங்கியது. பன்னிரண்டு வருஷம் கழித்து, வந்த விலையைவிடக் குறைவு! (இன்ஜினும் கிட்டத்தட்ட அதே பழைய இன்ஜின்தான், அதையும் சொல்லிவிட வேண்டும்.) யமஹா ஆர்3 இன்னும் வேடிக்கை. 2015இல் 3.25 லட்சம். பிஎஸ்6 என்ற புகை விதி வந்தபோது காணாமல் போய், 2023 டிசம்பரில் முழுசாக இறக்குமதியாகி 4.65 லட்சத்துக்குத் திரும்பி வந்தது. 2025 தொடக்கத்தில் ஒரே வெட்டில் ஒரு லட்சத்துக்கு மேல் குறைத்து 3.60 லட்சம் என்றார்கள். நடுவில் ஆசைப்பட்டு வாங்கியவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது. கேடிஎம் ஆர்சி 390 மட்டும் நாம் சொல்கிற மாதிரியே ஒழுங்காக ஏறியது, 2014இல் 2.05 லட்சம், 2022இல் 3.14.

பவுன் கணக்கு வேண்டாம், அதை வைத்துப் பார்த்தால் மற்றதெல்லாம் மலிவாகத்தான் தெரியும் என்று அப்பாவிடம் சண்டைக்குப் போனேன். சரி, கூலியில் பார்ப்போம் என்றார். அவர் நோட்டில் அதுவும் இருக்கிறது. 2015இல் பின்கட்டு ஓடு மாற்றியபோது கொத்தனாருக்கு 650, இந்த வருஷம் கிணற்றடிச் சுவருக்கு 1,100. அன்றைக்கு என் வண்டி 500 நாள் கூலி. இன்றைக்கு அதே வகுப்பு வண்டி ரோட்டுக்கு வர 3.85 லட்சம் ஆகிறது என்று வைத்தால் 350 நாள். அப்படிப் பார்த்தாலும் இறங்கித்தான் இருக்கிறது. இந்த 650 சிசி கொட்டேஷன் 880 நாள். நின்ஜா 650 2011இல் முதலில் வந்தபோது ஷோரூம் விலையே நாலரை லட்சத்துக்கு மேல், அப்போது கொத்தனார் கூலி 400 கூட இல்லை. நீங்களே வகுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் ஏன் இப்படி உறுத்துகிறது? ஏனென்றால் மற்றதெல்லாம் ஓடிப் போய் வண்டிக்கு முன்னால் வரிசையில் நின்றுவிட்டது. 2015இல் எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. இப்போது மகள் மூன்றாவது படிக்கிறாள், அவள் ஃபீஸ் ஒரு பக்கம், அவளுக்கென்று மாதம் ஒரு கிராம் என்று வீட்டில் ஆரம்பித்து வைத்த நகைச்சீட்டு ஒரு பக்கம். பவுன் ஏறியதால் வண்டி மலிவாகத் தெரிகிறது, அதே பவுன் ஏறியதால்தான் வண்டிக்குக் காசில்லை. இதை அப்பாவிடம் சொன்னேன். "அதைத்தானே சொல்றேன்," என்றார். அவர் அதைச் சொல்லவில்லை!

விலையைப் பேசியாகிவிட்டது, இப்போது அந்த விலைக்கு என்ன கிடைக்கிறது என்பதற்கு வருகிறேன். எனக்கு இதுதான் முக்கியம்.

நான் காலேஜில் சுவரில் ஒட்டி வைத்திருந்தது யமஹா ஆர்6. 600 சிசி, நாலு சிலிண்டர், முள் 16,000 ஆர்பிஎம்மைத் தொடும். மிடில்வெயிட், அதாவது நடுத்தர வகுப்பு ஸ்போர்ட்ஸ் பைக் என்றால் அன்றைக்கு அதுதான். 2020க்குப் பிறகு ஐரோப்பாவில் அதை ரோட்டுக்கு விற்பதையே நிறுத்திவிட்டார்கள், ரேஸ் டிராக்குக்கு மட்டும். காரணம் புகைக் கட்டுப்பாடு என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம், ஆனால் உள்ளே நடப்பது சுவாரசியமானது. அவ்வளவு வேகமாகச் சுற்றும் இன்ஜினில் காற்று உள்ளே போய் வர நேரமே கிடையாது. அதனால் உள்ளே விடும் வால்வும் வெளியே தள்ளும் வால்வும் ஒரே நேரத்தில் சற்று திறந்திருக்கும்படி அமைப்பார்கள். மேலே சுற்றும்போது அது வரம், கீழே மெதுவாக ஓடும்போது எரியாத பெட்ரோல் கொஞ்சம் அப்படியே சைலன்சர் வழியாக வெளியேறும். யூரோ 5 என்ற ஐரோப்பியப் புகை விதிக்கு ஏற்ப அதைச் சரி செய்ய நிறையச் செலவு. 600 சிசி வண்டி செய்ய ஆகும் செலவோ 1000 சிசிக்கு ஆவதைவிடப் பெரிதாகக் குறையாது, வாங்குகிறவனோ ஆயிரத்தின் விலையைத் தர மாட்டான். விற்பனையும் ஏற்கெனவே விழுந்திருந்தது. கம்பெனிகள் கையைக் கழுவிவிட்டன.

அந்த இடத்துக்கு இப்போது வந்திருப்பவை பெரும்பாலும் இரண்டு சிலிண்டரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த பேரலல் ட்வின். இரண்டுக்கும் சேர்த்து ஒரே தலை, குறைந்த பாகம், குறைந்த செலவு. அதைவிட முக்கியம், ஒரே இன்ஜினை மூன்று வண்டிக்குப் போடலாம். நின்ஜா 650இன் இன்ஜின்தான் இசட்650இலும், வெர்சிஸ் 650இலும். சுசுகி ஜிஎஸ்எக்ஸ்-8ஆர் இன்ஜின்தான் வி-ஸ்ட்ராம் 800இலும். டிரையம்ப் மூன்று சிலிண்டர் போடுகிறது, ஆனால் டேடோனா 660உம் டிரைடென்ட் 660உம் ஒரே இன்ஜின் குடும்பம். எங்கள் ஊரில் இதற்கு விளக்கமே தேவையில்லை. ஒரே மாவுதான், தட்டில் ஊற்றினால் இட்லி, கல்லில் ஊற்றினால் தோசை, தாளித்துக் கொட்டிக் குழியில் ஊற்றினால் பணியாரம். விலையை அடக்கி வைத்திருப்பது இந்த மாவுதான். ஆனால் பணியாரத்தைச் சீயம் என்று சொல்லி விற்கும்போதுதான் எனக்குச் சுள்ளென்று வருகிறது. 2013இல் டிரையம்ப் இந்தியாவுக்கு வந்தபோது டேடோனா 675ஆர் 11.4 லட்சம், 128 குதிரைத்திறன். 2024இல் அதே டேடோனா என்ற பெயரில் வந்த 660, 9.72 லட்சம், 95 குதிரை. விலை குறைந்திருக்கிறதே என்று சந்தோஷப்படுவதா, குதிரை முப்பத்து மூன்று ஓடிப் போய்விட்டதே என்று அழுவதா?

நியாயமாகச் சொன்னால் அழ வேண்டியதில்லை. அந்த 650ஐத் திருச்சி–மதுரை பைபாஸில் ஆறு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தேன், பின்னால் சேல்ஸ் பையன் உட்கார்ந்து என் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு வந்தான். 4,000 ஆர்பிஎம்மிலேயே இழுக்கிறது. என் வண்டியில் லாரியைத் தாண்ட இரண்டு கியர் இறக்கி, 9,000க்குக் கதறவிட்டு, கந்தர் சஷ்டி கவசத்தில் பாதி சொல்ல வேண்டும். இதில் கையைக் கொஞ்சம் திருப்பினால் போதும், லாரி கண்ணாடியில் இருக்கிறது. இடுப்பு மடங்கவில்லை, மணிக்கட்டு வலிக்கவில்லை. பழைய 600இல் எங்கள் புதுக்கோட்டை ரோட்டில் 10,000க்கு மேல் என்றைக்குப் போயிருப்பேன்? திருமயம் தாண்டினால் ஆடு, கானாடுகாத்தான் திருப்பத்தில் டவுன் பஸ், அறுவடைக் காலத்தில் ரோட்டில் காயப்போட்ட நெல். சுவரில் ஒட்டிய வண்டி சுவரிலேயே இருந்தது நல்லதுதான்.

ஆக, ஓட்டுவதற்கு நல்ல வண்டி. ஆனால் அந்த விலையில் எவ்வளவு வண்டிக்குப் போகிறது?

2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை ஜிஎஸ்டி 28இலிருந்து 18 சதவீதமாக இறங்கியது. அதற்கு மேல் போனால், முன்பு 28உம், செஸ் என்ற கூடுதல் வரி 3உமாக 31 இருந்தது, இப்போது 40. நடுவில் ஒன்றும் இல்லை, 350இல் ஒரு சுவர், அவ்வளவுதான். ஒரே மாதிரி இரண்டு வண்டி, வரிக்கு முன் தலா மூன்று லட்சம், ஒன்று 321 சிசி, இன்னொன்று 373 சிசி என்று வைத்துக்கொள்வோம். முதலாவது 3.54 லட்சம், இரண்டாவது 4.20 லட்சம். நம் மாநிலத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் உள்ள வண்டிக்கு ஆயுள் வரி 12 சதவீதம், 2023 நவம்பருக்கு முன் எட்டுதான் இருந்தது. அதை இதன் மேல் போட்டால் ஒன்றுக்கு 42,480, மற்றதற்கு 50,400. புது வண்டிக்கு ஐந்து வருஷத்து மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயம், அதிலும் 350இல்தான் கோடு, 7,365ஆ 15,117ஆ. 52 சிசி வித்தியாசத்துக்கு 80,000 ரூபாய்க்கு மேல். இந்த 52 சிசியை அளந்து பார்த்தால் ஒரு சின்ன டானிக் பாட்டில் அளவுதான் ஐயா!

வரிக்கு முன் ஆறு லட்சம் ஆகிற பெரிய வண்டிக்கு இதே கணக்குப் போட்டால் இரண்டு வரியும் சேர்ந்து 3.40 லட்சம். அப்பா இதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். வட்டிக்கு வட்டி தெரிந்தவருக்கு வரிக்கு வரி புரியாதா.

இன்னொரு பக்கம் இறக்குமதி. இதில் செட்டிநாட்டுக்காரன் வாயைத் திறக்கவே கூடாது. இங்கே இருக்கிற பெரிய வீடுகள் எல்லாமே இறக்குமதிச் சரக்குதான், பர்மா தேக்கு, இத்தாலி மார்பிள், பெல்ஜியம் கண்ணாடி. அப்புறம் ஆத்தங்குடியில் உள்ளூர் மண்ணும் சிமெண்டும் கலந்து கண்ணாடி மேல் ஊற்றித் தரைக்கல் போட ஆரம்பித்தார்கள், அது ஒரு குறைச்சலாகவா இருக்கிறது? பைக்கிலும் அதேதான். முழுசாகக் கட்டி வரும் வண்டிக்கு இறக்குமதி வரி 50 சதவீதம் இருந்தது, 2025 பட்ஜெட்டில் 1600 சிசி வரை 40 ஆக்கினார்கள், பாகமாக வந்து இங்கே பூட்டினால் 15இலிருந்து 10. இங்கேயே செய்தால் அந்தப் பேச்சே இல்லை. டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310 ஓசூரில் செய்கிறார்கள், ஏப்ரிலியா ஆர்எஸ் 457 மகாராஷ்டிரத்தில் பாராமதியில். அந்த 457 2023 டிசம்பரில் 4.10 லட்சத்துக்கு வந்தது, 47 குதிரைக்கு மேல். அதே கம்பெனியின் ஆர்எஸ் 660 இத்தாலியிலிருந்து வருவதால் அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் விலை. என்னைக் கேட்டால் இன்றைக்கு இந்தியாவில் காசுக்கு வண்டி என்று சொல்லக்கூடியது இந்த ஆத்தங்குடி வகுப்புதான்.

சிங்கப்பூரில் இருக்கும் மச்சானிடம் போனில் இதையெல்லாம் கொட்டினேன். அவன் சிரித்தான். அங்கே பைக் வாங்குவதற்கு முன் வண்டி வைத்துக்கொள்ளும் உரிமைக்கே ஏலத்தில் சீட்டு எடுக்க வேண்டும், பத்து வருஷத்துக்கு, சில சமயம் அந்தச் சீட்டு விலை வண்டி விலையைத் தாண்டிவிடும். லைசென்சும் 200 சிசி வரை ஒன்று, 400 வரை ஒன்று, அதற்கு மேல் ஒன்று என்று படிப்படியாக ஏற வேண்டும். "நீ ஒம்போது லட்சத்துக்கு அழுவுறே மாப்ளே, இங்க வந்து பாரு," என்றான். ஆறுதல் தேடித்தான் கூப்பிட்டேன், பேச்சு அவனுக்கு ஆறுதல் சொல்வதில் போய் முடிந்தது.

எல்லாவற்றையும்விட என்னை நிறுத்தியது வேறொன்று. அந்த 650க்கு சர்வீஸ் என்றால் திருச்சியோ மதுரையோ, எந்தப் பக்கம் போனாலும் தொண்ணூறு கிலோமீட்டர் அளவில். காலையில் விட்டுவிட்டுச் சாயங்காலம் வரை மாலில் உட்கார்ந்திருக்க வேண்டும், ஒரு நாள் லீவு போச்சு. என் வண்டிக்கே ஒரு தடவை கிளட்ச் கேபிள் ஐந்து வாரம் வரவில்லை. கடைசியில் செக்காலை ரோட்டு மெக்கானிக் அண்ணன்தான் வேறு வண்டிக் கேபிளை அளந்து, முனையை மாற்றி ஈயம் வைத்துப் பூட்டிக் கொடுத்தார், இன்றைக்கும் அதுதான் ஓடுகிறது. 650இன் டயர் ஒரு ஜோடி முப்பதாயிரம் என்றும், எட்டாயிரம் கிலோமீட்டர் வந்தால் அதிர்ஷ்டம் என்றும் அவரே சொன்னார். மே மாதம் கல்லுக்கட்டி நெரிசலில் ரேடியேட்டர் ஃபேன் தொடையில் ஊதும் காற்றைப் பற்றி நான் தனியாக ஒரு பதிவே எழுதலாம். இந்த வண்டியை முழுசாக ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றால் சென்னைப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்குத்தான் போக வேண்டும், இங்கிருந்து நானூறு கிலோமீட்டர்.

வாங்கவில்லை. தாளை அப்பா மடித்து நோட்டில் வைத்துக்கொண்டார், பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறதாம்.

அதற்குப் பதிலாகப் பழைய வண்டிக்கு முன் ஃபோர்க்கில் ஆயில் சீல், செயின் ஸ்பிராக்கெட், இரண்டு டயர், பிரேக் பேடு. அண்ணன் கடையில் மூன்று நாள். மொத்தம் 31,000. சனிக்கிழமை சாயங்காலம் பில்லோடு வந்தேன். அப்பா வாங்கிப் பார்த்தார், ஹேண்ட்லிங் சார்ஜ் இருக்கிறதா என்று மேலும் கீழும் தேடினார், இல்லை. நோட்டில் தேதி போட்டு எழுதி, பக்கத்தில் ஏதோ வகுத்து, "மூணு கிராம் கூட வரலே," என்றார். அவர் வாயிலிருந்து என் வண்டிக்கு வந்த முதல் நல்ல வார்த்தை அது.

புது டயர் வழுக்கும், நூறு நூற்றைம்பது கிலோமீட்டர் நிதானமாக ஓட்டித் தேய்க்க வேண்டும். நாளைக்குக் காலையில் திருமயம் வரை போய் வருகிறேன் என்றேன்.

"கோட்டை பைரவர்கிட்ட நின்னுட்டுப் போ."

"ஒரு சிதறு தேங்காய் ஒடச்சுட்டு வரேன்ப்பா."

கண்ணாடியைக் கழற்றப் போனவர் மறுபடியும் மாட்டிக்கொண்டார். "தேங்கா என்ன விலை விக்குதுன்னு தெரியுமா உனக்கு?"